பழைய வண்டியின் ஜாதகம்

மாட்டுச் சந்தைக்குப் போகிற குடியானவன் விற்பவனுடைய வார்த்தையைக் காதில் வாங்கிக் கொள்வானே தவிர மனத்தில் வாங்கிக் கொள்வதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி தேடுவான், பத்தடி நடக்க விட்டுப் பார்ப்பான், கறவை மாடானால் கறந்து காட்டும்படி கேட்பான். இதையெல்லாம் அவனுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்ல வீடு ஒன்று வாங்கக் கூடிய தொகையைக் கொடுத்துப் பழைய மோட்டார் வண்டி வாங்குகிற படித்த கனவான்களோ, வர்ணத்தின் பளபளப்பையும் விற்பவருடைய நயமான பேச்சையும் கண்டு மயங்கிக் காசோலையில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். பிறகுதான் சுழி தேட ஆரம்பிக்கிறார்கள்.

பழைய வண்டிக்கு அப்படி என்ன விலை என்று நேயர்கள் கேட்கலாம். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய சில அமெரிக்க வண்டிகளும் ஐரோப்பிய வண்டிகளும் இன்று ஏலங்களில் விற்கிற விலையைக் கேட்டால் நகைக் கடைக்காரர்களுக்கே பொறாமை உண்டாகும். ஆனால் அந்த விலை வண்டியின் இரும்புக்காக மட்டும் கொடுக்கப்படுவதல்ல. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒரே வருஷம், ஒரே நிறம், ஒரே யந்திரம், ஒரே ஓட்டம். ஒன்றில் அந்த யந்திரத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பினார்கள். மற்றதில் இருபது வருஷத்துக்குப் பிற்பாடு யாரோ ஒரு கெட்டிக்காரர் வைத்தார். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் ஒன்று மற்றதைப்போல் பல மடங்கு இருக்கும். ஆகவே, "இந்தச் சாமான் பிறந்தபோதே இருந்ததா, பிறகு வந்து சேர்ந்ததா?" என்ற கேள்விக்குச் சரியான விடை காண்பது ஒரு தனி வித்தையாகவே வளர்ந்து விட்டது. அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்கும் இந்தப் பழைய வண்டிப் பித்துப் பிடித்திருப்பதால், அந்த வித்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் நம்பர். ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் ஓர் இலக்கம் கொடுக்கிறார்கள். அது வெறும் வரிசை எண் அல்ல. ஜாதகத்தின் முதல் கட்டம் என்றே சொல்லலாம்.

1968-ஆம் வருஷம் வெளியான "புல்லிட்" என்ற அமெரிக்கப் படத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் மேடும் பள்ளமுமான தெருக்களில் ஸ்டீவ் மக்வீன் என்ற நடிகர் ஒரு கரும்பச்சை நிற போர்டு மஸ்டாங் வண்டியைப் பறக்க விடுவார். அந்தத் துரத்தல் காட்சி சுமார் பதினோரு நிமிஷந்தான். ஆனால் அந்த வண்டிக்கு அது நிரந்தரக் கீர்த்தியைத் தேடித் தந்து விட்டது. அந்த வண்டியின் இலக்கம் 8 ஆர் 02 எஸ் 125559. இதைப் பிரித்துப் படிப்போம். முதலில் உள்ள 8 என்பது 1968-ஆம் வருஷத்து மாதிரி என்பதைக் குறிக்கும். ஆர் என்ற எழுத்து, கலிபோர்னியாவிலிருந்த ஸான் ஹோஸே தொழிற்சாலையைக் குறிக்கும். 02 என்றால் பின்புறம் சரிந்து இறங்கும் கூரையுள்ள உடல். எஸ் என்பதுதான் முக்கியம். 390 கன அங்குலக் கொள்ளளவுள்ள பெரிய யந்திரம் வைக்கப்பட்டது என்று அது சொல்கிறது. மிச்சமுள்ள ஆறு ஸ்தானங்கள் வரிசை எண். அது ஒவ்வொரு வருஷமும் 100001-இல் தொடங்கும். எஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஸி என்ற எழுத்து இருந்தால், அந்த வண்டியில் பிறந்தபோது இருந்தது 289 கன அங்குலமுள்ள சாதாரண யந்திரமே. இப்போது மூடியைத் திறந்தால் எவ்வளவு பெரிய யந்திரம் தெரிந்தாலும் சரி, அது இடையில் வந்த விருந்தாளி.

படம் முடிந்ததும் அந்த வண்டி கைமாறிக் கைமாறி, 1974-இல் ஒரு குடும்பத்தாரிடம் 6,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டு அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. அதிலேயே வேலைக்குப் போய் வந்தாராம். 1977-இல் மக்வீனே கடிதம் எழுதி, வண்டியைத் தமக்குத் திருப்பி விற்க முடியுமா என்று கேட்டார். குடும்பத்தார் கொடுக்கவில்லை. பிறகு வண்டி பல வருஷங்கள் கொட்டகையில் கிடந்தது. 2018-ஆம் வருஷம் ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அது மேடை ஏறியபோது உலகமே வியந்தது. 2020 ஜனவரியில் பிளாரிடாவில் நடந்த ஏலத்தில், ஏலக் கமிஷனையும் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று.

கரும்பச்சை வர்ணம் பூசிய 1968-ஆம் வருஷத்து மஸ்டாங்குகள் அமெரிக்காவில் எத்தனையோ இருக்கின்றன. இதுதான் அது என்று எப்படி நம்பினார்கள்? இலக்கம் பொருந்தியது; மக்வீன் எழுதிய கடிதம் கையில் இருந்தது; படம் பிடிக்கும் கருவிகளைப் பொருத்துவதற்காகப் போட்ட ஓட்டைகள் வண்டியின் உடலில் அப்படியே இருந்தன. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். படத்துக்காக அந்த வண்டியின் முன் வலையிலிருந்த ஓடும் குதிரைச் சின்னத்தைக் கழற்றி விட்டார்கள், சக்கரங்களையும் மாற்றினார்கள். ஆகவே "தொழிற்சாலையில் இருந்தபடியே செய்கிறேன்" என்று ஒரு பக்திமான் கிளம்பி, குதிரையை மறுபடி ஒட்டி, ஓட்டைகளை அடைத்து, பழைய சக்கரங்களை மாட்டியிருந்தால் லட்சக்கணக்கான டாலர் ஒரே வாரத்தில் கரைந்திருக்கும்!

அதே படத்தில் குதிக்கவும் மோதவும் உபயோகித்த இரட்டை வண்டி ஒன்றும் இருந்தது. அது அழிந்து போயிற்று என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2017-இல் மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியா பக்கத்தில், வெள்ளை வர்ணம் பூசப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கூட்டைப் பற்றிய செய்தி வந்தது. வேறொரு சினிமா வண்டியின் நகலாக அதை மாற்றுவதற்கு ஏற்பாடு நடந்து கொண்டிருந்ததாம். இலக்கத்தைப் பார்த்தார்கள்: 8 ஆர் 02 எஸ் 125558. முன் சொன்ன வண்டிக்கு ஒரே ஒரு எண் மூத்தது! உடலைப் பலப்படுத்தியிருந்த அடையாளங்களும் இருந்தன. நகலாகப் போக இருந்த வண்டி தன் சொந்த ஜாதகத்தால் தப்பித்துக் கொண்டது.

போர்டு வண்டிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. 1967-ஆம் வருஷத்து மாதிரிகளிலிருந்து அந்தக் கம்பெனியின் உற்பத்திப் பதிவுகள் அழியாமல் தப்பின. கம்பெனியின் அநுமதியோடு மார்ட்டி என்பவருடைய ஸ்தாபனம் அவற்றை வைத்துக் கொண்டிருக்கிறது. இலக்கத்தை எழுதிக் கட்டணம் செலுத்தினால், அந்த வண்டி எந்தத் தேதியில் செய்யப்பட்டது, என்ன நிறம், என்ன கியர் பெட்டி, பின் அச்சின் பல் விகிதம் என்ன, ரேடியோ கேட்டிருந்தார்களா, குளிர் சாதனம் கேட்டிருந்தார்களா, எந்த ஊர் வியாபாரிக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அச்சிட்ட காகிதத்தில் வந்து விடும். வாங்குகிறவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு, கல்யாணச் சீர்வரிசையைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். இங்கிலாந்திலும் இத்தகைய வசதி உண்டு. கெய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூஸியம் எம்.ஜி., ஆஸ்டின், மாரிஸ் முதலிய வண்டிகளின் பழைய ஏடுகளைப் பார்த்து அத்தாட்சிப் பத்திரம் தருகிறது.

எல்லா வண்டிகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏடு அழிந்து போன குலமும் உண்டு. அவற்றில் முக்கியமானது ஷெவர்லே.

1967-ஆம் வருஷத்தில் ஷெவர்லே கம்பெனி தனது கமாரோ வண்டியில் இஸட்-28 என்று ஒரு ரகத்தை வெளியிட்டது. அக்காலத்தில் டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத்தில் 305 கன அங்குலத்துக்கு மேற்பட்ட யந்திரத்தை அநுமதிப்பதில்லை. ஆகையால் 327 கன அங்குல யந்திரத்தின் கட்டையில் 283 கன அங்குல யந்திரத்தின் வளைதண்டைப் பொருத்தி, 302 கன அங்குலத்தில் ஒரு புது யந்திரத்தை உண்டாக்கினார்கள். முதல் வருஷம் 602 வண்டிகள்தான் விற்றன. 1969-இலோ 20,302 வண்டிகள். அந்த வருஷத்து மாதிரியில் செய்த கமாரோக்கள் மொத்தம் 2,43,085. அதாவது ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒன்று இஸட்-28. மற்றப் பதினொன்றையும் இஸட்-28 ஆக்கிவிட வேண்டும் என்று பிற்காலத்தில் எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், மனித முயற்சியின்மேலே ஒரு மதிப்பே உண்டாகிறது.

சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், கமாரோவின் இலக்கத்தில் யந்திரத்தின் பெயர் இல்லை. 124379 என் என்று ஆரம்பிக்கிற இலக்கத்தைப் பார்ப்போம். 1 என்பது ஷெவர்லே. 24 என்பது எட்டு சிலிண்டர் உள்ள கமாரோ. 37 என்பது கூரை நிலையாக உள்ள உடல். 9 என்பது 1969. என் என்பது ஒஹாயோ மாகாணத்திலுள்ள நார்வுட் தொழிற்சாலை. அவ்வளவுதான். எட்டு சிலிண்டரிலேயே மிகச் சாதாரணமான யந்திரம் வைத்த வண்டியும் இஸட்-28 வண்டியும் இந்த இலக்கத்தில் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். 24-க்குப் பதிலாக 23 என்று இருந்தால் அது ஆறு சிலிண்டர் வண்டி. அதை இஸட்-28 என்று விற்க வருகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. 37-க்குப் பதிலாக 67 இருந்தால் மடக்குக் கூரை வண்டி. இஸட்-28 மடக்குக் கூரையோடு விற்பனைக்கு வந்ததே கிடையாது. ஷெவர்லேயின் தலைவராயிருந்த எஸ்டஸ் என்பவருக்காக 1968-இல் ஒன்றே ஒன்று செய்தார்கள். பெரிய இடத்துச் சமாசாரம்; அது நம் கணக்கில் சேராது.

ஏடும் இல்லை, இலக்கமும் பேசவில்லை என்றால் வண்டியின் உடம்பையே சாட்சி சொல்லச் செய்ய வேண்டும். யந்திரத்தின் முன்பக்கத்தில், வலது சிலிண்டர் தலைக்கு முன்னால், வழவழவென்று சீவிய ஒரு சிறு திண்டு உண்டு. 1969-ஆம் வருஷத்து இஸட்-28 ஆனால் அதில் டி, இஸட் என்ற இரண்டு எழுத்துக்களும், யந்திரத்தைச் சேர்த்த மாதமும் தேதியும் அடித்திருக்கும். அதோடு வண்டியின் இலக்கத்திலிருந்து ஒரு பகுதியும் அடித்திருக்கும். அந்தப் பகுதி, கண்ணாடி வழியாகத் தெரிகிற இலக்கத் தகட்டோடு ஒத்துப் போக வேண்டும். அமெரிக்க வியாபாரிகள் "நம்பர் பொருத்தம்" என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். நம்மூரில் பத்துப் பொருத்தமும் பார்த்து நடத்திய கல்யாணங்களிலேயே சிலவற்றின் கதி நமக்குத் தெரியும். இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் நம்பி யாரும் இறங்கக் கூடாது.

ஏனெனில் திண்டைச் சீவி விட்டுப் புது நம்பர் அடிக்கலாம். அப்படி அடித்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு. தொழிற்சாலையில் அந்தத் திண்டைச் சமமாக்கிய யந்திரம், ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளை அதன்மேல் விட்டுச் செல்லும். அவை பட்டுத் துணியின் இழைபோல அவ்வளவு நுட்பமானவை. பிற்பாடு சீவினவன் அந்தக் கோடுகளை அழித்து விடுகிறான். அழித்தபின் அதே மாதிரி கோடுகளை உண்டாக்குவது லேசல்ல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் எழுத்தைவிட எழுத்துக்கு அடியிலுள்ள இரும்பைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

அடுத்தது தேதிகள். இந்த வித்தையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. வண்டியின் ஒவ்வொரு பெரிய உறுப்பிலும், அதை வார்த்த தேதியோ செய்த தேதியோ சங்கேதமாக இருக்கும். யந்திரக் கட்டையின் பின்புறத்தில் பி 14 9 என்று வார்த்திருந்தால், 1969-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி என்று அர்த்தம். கார்புரேட்டரின் நெற்றியில் மூன்று ஸ்தானங்களில் வருஷமும் மாதமும் வாரமும் இருக்கும். மின்சாரம் உண்டாக்கும் டைனமோ போன்ற உறுப்பிலும், பற்றவைப்பைப் பங்கிடும் உறுப்பிலும், பின் அச்சிலும், கியர் பெட்டியிலும் இதேபோல் தேதிகள் உண்டு. பக்கக் கண்ணாடிகளின் மூலையில்கூடச் சின்னஞ்சிறு இரண்டெழுத்துக்கள் மாதத்தையும் வருஷத்தையும் சொல்லும். வண்டியைச் சேர்த்த வாரமோ, யந்திர அறையின் பின்சுவரில் அடித்த சிறு தகட்டில் இருக்கும். 02 ஸி என்றால் பிப்ரவரி மூன்றாவது வாரம்.

இனிக் கணக்கு எளிது. பிள்ளை பிறந்த பிறகு தாயார் பிறந்திருக்க முடியாது! வண்டி பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் சேர்க்கப்பட்டதென்றால், அதிலுள்ள எந்த உறுப்பும் மார்ச்சு மாதத்தில் வார்த்ததாக இருக்கக் கூடாது. அதே சமயம், ஒன்றரை வருஷத்துக்கு முன் வார்த்ததாகவும் இருக்கக் கூடாது. தொழிற்சாலைகளில் சாமான்கள் அவ்வளவு நாள் தூங்கிக் கொண்டிருப்பதில்லை. சில நாட்கள் முதல் சில மாதங்கள் வரை முந்திய தேதிகளே இயற்கையானவை. எல்லா உறுப்புக்களிலும் தேதிகள் ஒன்றோடொன்று இசைந்து, ஆனால் ஒரே அச்சாக இல்லாமல், கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் மனம் நிம்மதி அடையலாம். எல்லாம் ஒரே வாரத்தில் பிறந்தவை என்று கண்டால், யாரோ தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்றே நாம் சந்தேகிப்போம்.

அந்தச் சிறு தகட்டிலேயே இன்னொரு ரகசியமும் உண்டு. 1968 டிஸம்பரிலிருந்து நார்வுட் தொழிற்சாலையில் அதன்மேல் எக்ஸ் என்ற எழுத்தையும் இரண்டு எண்களையும் சேர்த்து அடித்தார்கள். எக்ஸ் 33, எக்ஸ் 77 என்ற இரண்டும் இஸட்-28 வண்டிகளுக்கு உரியவை. கலிபோர்னியாவில் செய்த கமாரோக்களில் இந்தக் குறி கிடையாது. ஆகவே அது இல்லையென்பதால் மட்டும் ஒரு வண்டியைத் தள்ளிவிட முடியாது. இருக்கிறது என்பதால் மட்டும் கொள்ளவும் முடியாது. தகடு சிறியது, ஆணிகள் இரண்டு, புதுத் தகடு அடித்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ள இலக்கத் தகட்டை அசைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதை அறைந்திருக்கும் ஆணிகளுக்குப் பூவிதழ் போன்ற விசேஷத் தலை உண்டு. அதே இலக்கத்தை உடலின் மறைவான இரண்டு இடங்களிலும் பொறித்திருக்கிறார்கள். வெந்நீர்க் காற்றுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தப் பொறிப்பைப் பார்ப்பதற்குப் பெட்டியையே கழற்ற வேண்டும். விற்பவர் அதற்கு மறுப்புச் சொன்னால், அதுவும் ஒரு விடையே.

பெரிய சாமான்களை மாற்றுகிறவர்கள் சின்னச் சாமான்களை மறந்து விடுவது வழக்கம். இஸட்-28 வண்டியில் நான்கு வேகக் கைக் கியர் கட்டாயம். முன் சக்கரங்களில் தட்டு பிரேக் கட்டாயம். குளிர் சாதனம் கிடையாது. ஆகையால் யந்திர அறையின் சுவரில் குளிர் சாதனத்துக்கான பெரிய துவாரம் வெட்டி அடைக்கப்பட்டிருந்தால் கதை கந்தலாகி விடுகிறது. பின்புறத்து வில்கள் பல பட்டைகளை அடுக்கியவையாக இருக்க வேண்டும். மலிவு வண்டியில் ஒற்றைப் பட்டைதான். வண்டியின் அடியில் நெடுக ஓடும் பெட்ரோல் குழாயையும் பார்க்க வேண்டும். சிறிய யந்திரத்துக்கு 5/16 அங்குலக் குழாய். வலிய யந்திரத்துக்கு 3/8 அங்குலம். இந்த வித்தியாசம் நம் சுண்டு விரல் நகத்தின் ஒரு கீற்று அளவுகூட இல்லை. ஆனால் பதினாயிரக்கணக்கான டாலர் வழக்கு அதிலே தீர்ந்துவிடும்.

காகித சாட்சியம் அடியோடு இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தொழிலாளிகள் பார்த்து வேலை செய்வதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அச்சடித்த தாள் இருந்தது. வேலை முடிந்ததும் அதைப் பெட்ரோல் தொட்டியின்மேலோ ஆசனத்தின் கம்பிச் சுருள்களுக்குள்ளோ விட்டு விடுவார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, எலி கடித்தது போக மிச்சமுள்ள அந்தத் தாளுக்காக மனிதர்கள் வண்டியையே பிரித்துப் பார்க்கிறார்கள். உத்தரவாதப் புத்தகத்தோடு தரப்பட்ட சிறு உலோகத் தகடு ஒன்றும் உண்டு. அதில் யந்திரம், கியர், அச்சு ஆகியவற்றின் குறிகள் புடைத்திருக்கும். இவற்றுக்கும் போலிகள் உண்டு என்று சொல்ல வேண்டுமா? புதுத் தாளைத் தேநீரில் தோய்த்து உலர்த்திப் பழுப்பாக்கும் கலை, சமையலறையோடு நிற்காமல் மோட்டார்க் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கனடாவில் விற்ற வண்டியானால் யோகந்தான். அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் பதிவுகளைப் பத்திரப்படுத்தி வைத்தது. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் பிறந்த இரட்டையரில் எல்லை தாண்டி வடக்கே போனவனுக்கு ஜாதகம் இருக்கிறது. உள்ளூரிலேயே தங்கினவனுக்கு இல்லை.

"தொழிற்சாலைச் சாமான்" என்ற சொல்லிலேயே ஒரு வழுக்கல் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 1969-ஆம் வருஷத்து இஸட்-28-க்கு இரட்டைக் கார்புரேட்டர் அமைப்பு ஒன்று பிரசித்தம். அதை ஷெவர்லே கம்பெனிதான் செய்தது. ஷெவர்லே கடைகளிலேதான் விற்றார்கள். ஆனால் தொழிற்சாலையில் எந்த வண்டியிலும் பொருத்தவில்லை. பென்ஸில்வேனியாவிலிருந்த யெங்கோ என்ற வியாபாரி 1967-இலும் 1968-இலும் தம் கொட்டகையிலேயே கமாரோக்களின் யந்திரத்தை எடுத்துவிட்டு 427 கன அங்குல யந்திரத்தை வைத்து விற்றார்; 1969-இல் கம்பெனியே அதை வைத்து அவருக்கு அனுப்பியது. ஆகவே ஒரே பெயருள்ள வண்டிக்கு ஒரு வருஷம் பொருந்துகிற இலக்கணம் மறு வருஷம் பொருந்தாது. விற்பவர் "அசல் சாமான்" என்று சொன்னால், "தொழிற்சாலையில் வைத்ததா, கடைக்காரர் வைத்ததா, அந்தக் காலத்துச் சாமானைப் பிற்காலத்தில் வாங்கி வைத்ததா?" என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே குரல் தணிந்து விடும்.

புதுப்பிக்கிறவர்களுடைய சிரத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கார்வெட் வண்டிப் பிரியர்களுக்கு 1974-இல் தோன்றிய ஒரு சங்கம் உண்டு. அங்கே வண்டிகளைப் பரீட்சை செய்து மார்க்குப் போடுகிறார்கள். 100-க்கு 94-க்குக் குறையாமல் வாங்கினால்தான் முதல் வகுப்பு. நம்முடைய யூனிவர்ஸிடிகளில்கூட இவ்வளவு கடுமை கிடையாது! அங்கே வண்டி தேவைக்கு மேல் அழகாக இருந்தாலும் மார்க்குக் குறையும். தொழிற்சாலையில் அவசரத்தில் வர்ணம் வழிந்திருந்தால் அப்படியே வழிந்திருக்க வேண்டும். தொழிலாளி சுண்ணக்கட்டியால் கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கலும் வேண்டும். அலட்சியத்தைக் கவலையோடு நகல் எடுக்கிற இந்தக் காட்சியைக் கண்டு சிரிக்கலாம். ஆனாலும் இந்தப் பைத்தியக்காரர்கள் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புக்கள் இல்லாவிட்டால் ஏமாற்றுகிறவனைப் பிடிக்க வழியே இராது.

இவ்வளவும் உறுப்புக்களைப் பற்றிய சாஸ்திரம். இதற்கு நேர் எதிரான ஒரு தீர்ப்பு லண்டன் ஹைக்கோர்ட்டில் 1990-இல் சொல்லப்பட்டது. பென்ட்லி கம்பெனியின் "ஓல்டு நம்பர் ஒன்" என்ற பந்தய வண்டி 1929-இலும் 1930-இலும் பிரான்ஸ் தேசத்து லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றது. இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் பார்னட்டோ ஒருவர். பந்தய வண்டிக்கு ஓய்வேது? வருஷத்துக்கு வருஷம் அதைப் பிரித்தார்கள், மாற்றினார்கள். 1932-இல் பெரிய 8 லிட்டர் யந்திரத்தோடு புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது சரிவு மேட்டைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்பீ இறந்து போனார். பிறகு பார்னட்டோ அதை மறுபடி கட்டி, கூரையுள்ள வண்டியாக்கிக் கொண்டார்.

பல வருஷங்களுக்குப் பின் அந்த வண்டியை ஒரு கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அப்புறம், "இது லெமானில் ஜயித்த வண்டியே அல்ல, அதன் உறுப்புக்கள் எதுவும் இதில் இல்லை" என்று சொல்லி மறுத்தது. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஆட்டன் உறுப்பு உறுப்பாக விசாரித்தார். 1929-ஆம் வருஷத்து வண்டியில் நிச்சயமாகச் சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை என்றும், 1930-ஆம் வருஷத்து வண்டியிலிருந்தும் ஏதோ சில பாகங்களே மிஞ்சின என்றும் கண்டார். ஆயினும் தீர்ப்பு விற்றவர் பக்கமே! அந்த வண்டியின் சரித்திரம் எங்கும் அறுந்து போகவில்லை. அது ஒரு நாளும் வேறு வண்டியாக மாறி விடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு வண்டியும் இல்லை. ஆகவே இதுதான் "ஓல்டு நம்பர் ஒன்" என்று முடிவு செய்தார்.

இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கமாரோக்காரரும் தப்பிக்கப் பார்க்கலாம். அது செல்லாது என்பது நம் அபிப்பிராயம். பென்ட்லியின் மாறுதல்கள் பந்தயத்திலே, பலர் பார்க்க நடந்தவை. அவையே அதன் சரித்திரம். மலிவு வண்டியாகப் பிறந்ததை இரவோடிரவாக இஸட்-28 ஆக்கியவருடைய வண்டிக்கும் அறுபடாத சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தைத்தான் அவர் மறைக்கிறார். யந்திரத்தை மாற்றியதில் பாவம் ஒன்றுமில்லை. மாற்றியதைச் சொல்லி, அதற்குத் தகுந்த விலையை வாங்கிக் கொண்டு போகட்டும். நகல் வண்டியை நகல் என்றே வாங்கிச் சந்தோஷமாக ஓட்டுகிறவர்கள் ஏராளம். மழையில் எடுத்துச் செல்ல அவர்கள் பயப்பட வேண்டியதுமில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு முடிவாக ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பரீட்சை செய்ய வேண்டும். கொடுத்த பிறகு கண்ணுக்குக் குறை தெரியாது. டார்ச்சு விளக்கு, கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, பூதக்கண்ணாடி, பழந்துணி இவை நான்கும் போதும். பரீட்சை செய்ய விற்பவர் சிபாரிசு செய்கிற நிபுணரைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். முதல் சொந்தக்காரருடைய குடும்பத்தார் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். அநேக வீடுகளில் புது வண்டி வந்த நாளில் குழந்தைகளை அதன்முன் நிறுத்திப் புகைப்படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தில் சக்கரம் தெரியும், சின்னம் தெரியும், சில சமயம் மூடி திறந்து யந்திரமும் தெரியும். அப்படி ஒரு படம் அகப்பட்டால், தனியாக விலை கேட்டாலும் பேரம் பேசாமல் வாங்கி விடலாம்.